தகட்டில் 2500 கிலோ என்று இருந்தால், க்ளாம்ப் மாட்டிய பிறகும் அதே கணக்கா?

11 ஜூன் 2023: தென்னாப்பிரிக்காவின் பைன்டவுனிலிருந்து வந்த கேள்வி

"ஐயா, நான் பைன்டவுனில் ஒரு காகிதக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். எங்கள் 2.5 டன் வண்டியில் சென்ற மாதம் ஃபோர்க்குகளைக் கழற்றிவிட்டு, காகித உருளைகளைப் பிடிக்கும் க்ளாம்ப் ஒன்றை மாட்டினார்கள். உருளைகள் 900 கிலோவிலிருந்து 1600 கிலோ வரை இருக்கும். தூக்கக்கூடிய அதிகபட்ச எடையைக் காட்டும் வண்டியின் தகட்டில் இன்னும் 2500 கிலோ என்றே இருக்கிறது. க்ளாம்பின் எடை 600 கிலோ. 'அதைக் கழித்தால் 1900 வருகிறது, நம்மிடம் அவ்வளவு கனமான உருளையே கிடையாது, பயப்படாதே' என்கிறார் மேற்பார்வையாளர். கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் பெரிய உருளையைத் தூக்கும்போது வண்டியின் பின்பக்கம் மிதப்பதுபோல் இருக்கிறது. இது என் மனப்பயமா, உண்மையா?"

12 ஜூன் 2023, இரவு

உண்மைதான், தம்பி. நாளைக் காலையிலிருந்து 1600 கிலோ உருளையைத் தொடாதீர்கள். விளக்கத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் இதைச் செய்யுங்கள்.

மேற்பார்வையாளர் எடையைக் கழித்தார், தூரத்தைக் கழிக்கவில்லை. தகட்டில் உள்ள 2500 கிலோ தனியாக நிற்கும் எண் அன்று. அதன் பக்கத்தில் 500 மில்லிமீட்டர் என்று சுமை மையம் எழுதியிருக்கும். ஃபோர்க்கின் செங்குத்து முகத்திலிருந்து சுமையின் நடுப்பகுதி 500 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் அந்த 2500 பொருந்தும். என் ஆயா வீட்டுச் சமையலறையில் ஒரு பழைய தூக்குக்கோல் தொங்கியது. அதில் ஒரே ஒரு குண்டுதான் உண்டு. அதைக் கோலின் மேல் வெளியே தள்ளத் தள்ள அதே குண்டு இன்னும் அதிகப் புளியைத் தூக்கிக் காட்டும். ஃபோர்க்லிஃப்டும் அதே கோல்தான். தள்ளி வைத்த சுமை, எடை கூடாமலே கனத்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். எடையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். 2500 × 500 = 12,50,000. க்ளாம்பின் கனம் கேரேஜ் முகத்திலிருந்து (ஃபோர்க்கோ க்ளாம்போ மாட்டும் சட்டத்தின் முன்பக்கத்திலிருந்து) 250 மில்லிமீட்டரில் இருப்பதாகக் கொண்டால் 600 × 250 = 1,50,000. மீதி 11,00,000. உருளையின் விட்டம் 1.2 மீட்டர் என்றால், க்ளாம்பின் உடல் 200, பாதி விட்டம் 600, ஆக 800 மில்லிமீட்டரில் உருளையின் மையம் நிற்கிறது. 11,00,000-ஐ 800-ஆல் வகுத்தால் 1375 கிலோ. நீங்கள் தூக்குவது 1600.

13 ஜூன் 2023, காலை

நேற்று எழுதிய கணக்கில் பிழை இருக்கிறது. டோங்காட்டிலிருந்து ஒரு வாசகர் இரவோடு இரவாகச் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவருக்கு என் நன்றி.

நான் தூரத்தைக் கேரேஜ் முகத்திலிருந்து அளந்துவிட்டேன். வண்டி கவிழ்வது கேரேஜ் முகத்தை ஊன்றி அன்று, முன் சக்கரங்களின் அச்சை ஊன்றி. ஆகவே எல்லாத் தூரத்தையும் முன் அச்சிலிருந்தே அளக்க வேண்டும். இந்த அளவு வண்டியில் முன் அச்சுக்கும் கேரேஜ் முகத்துக்கும் இடையே 450 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

வண்டி தாங்கும் திருப்புவிசை: 2500 × 950 = 23,75,000. க்ளாம்ப் எடுத்துக்கொள்வது: 600 × 700 = 4,20,000. மீதி 19,55,000. உருளையின் மையம் அச்சிலிருந்து 450 + 800 = 1250. வகுத்தால் 1564 கிலோ.

நேற்று சொன்னது 1375, இன்று 1564. என் பிழை பாதுகாப்பான பக்கமாகத்தானே விழுந்தது, போகட்டும் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதே பிழையான முறையில் 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய உருளைகளுக்குக் கணக்கிட்டால் 2200 கிலோ என்று வரும். சரியான முறையில் வருவது 2058. அதாவது, சிறிய உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி இரண்டிரண்டாகப் பிடிக்கும் ஓட்டுநர் என் நேற்றைய கணக்கை நம்பியிருந்தால் 142 கிலோ அதிகமாகத் தூக்கியிருப்பார். பெரிய சுமையில் காப்பாற்றிய பிழை சிறிய சுமையில் கவிழ்த்துவிடும்.

எப்படிப் பார்த்தாலும் மேற்பார்வையாளரின் 1900 எங்கும் வரவில்லை. 1600 கிலோ உருளை இந்தக் கணக்கின்படியும் அளவுக்கு மேல்தான்.

15 ஜூன் 2023

"அப்படியானால் நாங்களே 1564 என்று தகடு அடித்து ஒட்டிவிடலாமா?" என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர் கேட்கிறார். கூடாது. நான் போட்டது வெறும் முன்சாய்வுக் கணக்கு. மாஸ்டை, அதாவது சுமையை மேலே தூக்கும் செங்குத்துச் சட்டத்தை, எவ்வளவு உயரத்துக்கு நீட்டுகிறீர்கள், உயரத்தில் மாஸ்ட் எவ்வளவு வளைகிறது, பக்கவாட்டில் வண்டி எவ்வளவு நிலையாக நிற்கும் என்பவை எல்லாம் அதில் இல்லை. வண்டியைச் செய்த நிறுவனமோ அதன் முகவரோ க்ளாம்பின் எடை, தடிமன், மையம் ஆகிய மூன்றையும் வாங்கிக்கொண்டு எழுத்தில் தரும் எண்தான் தகட்டில் ஏற வேண்டும். ஃபோர்க்குக்கு ஒரு தகடு, க்ளாம்புக்கு ஒரு தகடு என்று இரண்டும் வண்டியில் இருக்கலாம். எது மாட்டியிருக்கிறதோ அதற்குரியதை ஓட்டுநர் படிக்க வேண்டும்.

நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு இயந்திர விதிகளில் 18-ஆவது விதி, தூக்கு இயந்திரத்தில் அதன் அதிகபட்சச் சுமை தெளிவாகத் தெரியும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. க்ளாம்ப் மாட்டிய வண்டியில் பழைய எண்ணை விட்டுவைத்தால், எண் தெளிவாகத் தெரிகிறது என்பது உண்மை, ஆனால் அது வேறொரு வண்டியின் எண்.

18 ஜூன் 2023, ஞாயிறு

தம்பி நேற்று மீண்டும் எழுதியிருந்தார். பின்பக்கம் மிதக்கும்போது சக ஊழியர் ஒருவரை எதிர் எடையின் மேல், அதாவது சுமைக்கு ஈடாக வண்டியின் பின்னால் இருக்கும் கனத்த பகுதியின் மேல், ஏறி நிற்கச் சொல்வார்களாம். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. இதுவரை எழுத்தில் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

1996-இல் டர்பன் தெற்கே ஜேக்கப்ஸ் பகுதியில் ஒரு கிடங்கில் நான் ஓட்டுநர். எனக்கு வயது 24. அன்று ஒரு லாரியிலிருந்து காகித உருளைகளை இறக்கிக்கொண்டிருந்தோம். கடைசி உருளை மற்றவற்றைவிடப் பெரியது. தூக்கியதும் ஸ்டியரிங் கையில் எடையே இல்லாமல் சுழன்றது; பின் சக்கரங்கள் தரையை அழுத்தவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். நான் இறக்கி வைத்துவிட்டேன். ஃபோர்மன் வந்தார், இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பின்னால் ஏற்றினார். ஒருவர் என் வயதுப் பையன். இன்னொருவர் உம்லாசியிலிருந்து வரும் பெரியவர். நாங்கள் எல்லோரும் அவரைப் பாபா என்றுதான் அழைப்போம். அவர் எதிர் எடையின் மேல் உட்கார்ந்து, தலைக்கு மேலுள்ள பாதுகாப்புக் கூரையின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கம்பியில் பச்சை வண்ணம் உரிந்து துரு தெரிந்த இடத்தில் அவர் விரல்கள் இருந்தது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

மறுபடி தூக்கினேன், வண்டி தூக்கியது. பின்னுக்கு நகர்த்தி, உருளையை இறக்கத் தொடங்கினேன். அது வேகமாக இறங்குவதைக் கண்டு பயந்து நெம்புகோலைச் சட்டென்று நடுவுக்கு இழுத்தேன். இறங்கிக்கொண்டிருக்கும் சுமையைத் திடீரென நிறுத்தினால் அந்த ஒரு கணத்துக்கு அதன் பாரம் உள்ளதைவிட மிகவும் கூடிவிடும். வண்டியின் பின்பகுதி ஒரு முழம் உயர்ந்தது, உருளையின் கீழ்விளிம்பு தரையில் மோதியது, வண்டி பின்பக்கமாக மீண்டும் விழுந்தது. பையன் குதித்துவிட்டான். பாபா பிடியை விடவில்லை. வண்டி தரையில் அறைந்த அடியில் அவருடைய மணிக்கட்டு முறிந்தது.

அவர் கத்தவில்லை. கையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அறிக்கையில் "வழுக்கி விழுந்தார்" என்று எழுதப்பட்டது. நானும் கையெழுத்துப் போட்டேன். ஃபோர்மன் சொன்னார் என்பதற்காக நான் மறுபடி தூக்காமல் இருந்திருக்கலாம். முதல் தடவை இறக்கி வைத்தபோது எனக்கு உண்மை தெரிந்திருந்தது.

தம்பி, உங்கள் வண்டியின் பின்னால் யாராவது ஏறினால் சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

19 ஜூன் 2023

பாபா பிறகு என்ன ஆனார் என்று நால்வர் கேட்டிருக்கிறீர்கள். மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. பக்கத்து வரிசையில் பேலட் (சரக்கு வைக்கும் மரப்பலகைத் தட்டு) அடுக்கும் வேலை கொடுத்தார்கள்; அந்தக் கை பழையபடி திரும்பவில்லை.

24 ஜூன் 2023

ஆரஞ்சுப் பருவம் என்பதால் துறைமுகப் பக்கத்திலிருந்து இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. ஒன்று, பழத் தொட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டும் ரொட்டேட்டர். அதற்கும் க்ளாம்பின் கணக்கே பொருந்தும்: தனக்கென ஓர் எடை, சுமையை முன்னால் தள்ளும் ஒரு தடிமன். கூடவே இன்னொன்று உண்டு. தொட்டியைச் சுழற்றும்போது பழம் ஒரு பக்கமாகச் சரிந்து பாரத்தின் நடுப்புள்ளி பக்கவாட்டில் ஓடுகிறது. அதை மாஸ்டை உயர்த்திய நிலையில் செய்யும்போது, முன்னால் அன்று, பக்கவாட்டில்தான் வண்டி தள்ளாடும். வண்டியை முழுவதும் நிறுத்தி, கைபிரேக் போட்டு, கொட்டத் தேவையான உயரத்துக்கு மட்டும் தூக்கிச் சுழற்றுங்கள்.

மற்றது ஃபோர்க் உறை, அதாவது நீளம் போதாத ஃபோர்க்கின் மேல் செருகும் குழாய்போன்ற நீட்டிப்பு. ஐஎஸ்ஓ 13284 தரத்தின்படி உள்ளே இருக்கும் ஃபோர்க், உறையின் நீளத்தில் 60 விழுக்காடாவது இருக்க வேண்டும். 1200 மில்லிமீட்டர் ஃபோர்க்குக்கு 2000 மில்லிமீட்டர் உறைதான் எல்லை. உறையின் குதிகால் பக்கத்துப் பூட்டு ஆணி இல்லாமல் ஓட்டினால், பேலட்டிலிருந்து பின்வாங்கும்போது உறை பேலட்டோடு தங்கிவிடும், அல்லது நடுவழியில் நழுவி விழும். ஆணிக்குப் பதில் கட்டுக்கம்பி சுற்றியிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஃபோர்க்கையே பார்ப்பதும் குறைந்துவிட்டது. அது வளையும் குதிகாலில் தேய்மானம் 10 விழுக்காட்டை எட்டினால் கழற்ற வேண்டும். 40 மில்லிமீட்டர் தடிமன் 36 ஆனால் அதன் காலம் முடிந்தது. தரையில் உரசி உரசித்தான் தேய்கிறது, ஆகவே பளபளப்பாக இருக்கும் குதிகாலைக் கண்டு மகிழாதீர்கள், அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

2 ஜூலை 2023

18-ஆம் தேதிக் குறிப்பில் ஒரு வரியை மாற்றிக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங் இலகுவானால் அது எச்சரிக்கை என்ற பொருளில் எழுதியிருந்தேன். பயிற்சி வகுப்புகளிலும் 20 ஆண்டுகளுக்கு மேலாக அதையே சொல்லி வந்தேன். முன்சாய்வுக்கு அது உண்மை. ஆனால் பக்கவாட்டில் கவிழும் வண்டி எந்த அறிவிப்பும் தருவதில்லை. அறிவிப்பு வரும் என்று என் மாணவர்களைக் காத்திருக்கப் பழக்கிவிட்டேனோ என்ற வருத்தம் இப்போது இருக்கிறது.

காரணம் இதுதான். வண்டிக்கு நான்கு சக்கரங்கள் இருந்தாலும் அது நிற்பது மூன்று புள்ளிகளில்: இரண்டு முன் சக்கரங்கள், பின் அச்சு ஊசலாடும் நடு ஆணி. இந்த மூன்றையும் இணைத்தால் வரும் முக்கோணத்துக்குள் வண்டியும் சுமையும் சேர்ந்த பாரத்தின் மையம் இருக்கும்வரை வண்டி நிற்கும். முன் அச்சுப் பக்கம் முக்கோணம் அகலம், பின்னால் கூர். சுமை இல்லாத வண்டியின் மையம் அந்தக் கூரான பக்கமாகத் தள்ளியிருக்கிறது. ஆகவேதான், தூக்கிய மாஸ்டோடு காலி வண்டியை வேகமாகத் திருப்புகிறவர் கவிழ்கிறார். சுமை ஏற்றியவர்தான் அபாயத்தில் இருக்கிறார், காலி வண்டிக்கு என்ன என்று நினைப்பது பெரும் தவறு. க்ளாம்ப் மாட்டிய வண்டி சுமை இல்லாதபோதும் காலி அன்று. 600 கிலோ மாஸ்டோடு மேலே ஏறியிருக்கிறது.

இதோடு சேர்ந்த விவாதம்: கவிழும்போது குதிக்கலாமா? கூடாது. குதிப்பவர் விழும் பக்கத்திலேயே மேற்கூரையின் கம்பியும் வந்து விழுகிறது. பெல்ட் கட்டியபடி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, பாதங்களை ஊன்றி, விழும் திசைக்கு எதிராக உடலைச் சாய்க்க வேண்டும். "நான் சுறுசுறுப்பானவன், குதித்துவிடுவேன்" என்று எழுதிய நண்பருக்கு: நான் பார்த்த பையன் குதித்துத் தப்பியது நின்ற வண்டியிலிருந்து, பின்பக்கமாக. அதை உதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

9 ஜூலை 2023

லோட் ஷெடிங் பற்றி இங்கே யாரும் பேசாமல் இருக்க முடியாது போலும். கிளேர்வுட்டில் ஒரு கிடங்கு உரிமையாளர், மின்வெட்டுக்கு நடுவே ஈய-அமில பேட்டரிகளை முழுதாகச் சார்ஜ் செய்ய முடியாததால் லித்தியத்துக்கு மாறுகிறாராம். விரைவில் சார்ஜ் ஆகும், தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. இதற்கும் க்ளாம்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறார்.

நேரடித் தொடர்பு. மின்சார ஃபோர்க்லிஃப்டில் பேட்டரி வெறும் சக்திப் பெட்டி அன்று, எதிர் எடையின் ஒரு பகுதி. இந்த அளவு வண்டிகளில் ஈய பேட்டரி ஏறக்குறைய ஒரு டன் இருக்கும். வண்டியின் தகட்டில் பேட்டரியின் குறைந்தபட்ச எடை எழுதப்பட்டிருப்பது அதனால்தான். இலகுவான லித்தியம் பெட்டியை வைத்து, குறைந்த எடைக்கு ஈடாக இரும்புக் கட்டி சேர்க்காவிட்டால், தூக்குக்கோலின் குண்டைச் சுரண்டி எடுத்ததற்குச் சமம். முன்னால் க்ளாம்ப் கூடியிருக்கிறது, பின்னால் பேட்டரி குறைந்திருக்கிறது, தகடோ பழையது. இவை மூன்றும் ஒரே வண்டியில் சேர்வதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. மாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஈடுகட்டும் எடையோடு வண்டி நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்று மாற்றுங்கள்.

16 ஜூலை 2023

சிறு குறிப்பு. உருளை வழுக்குகிறது என்றதும் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். முதலில் க்ளாம்பின் பிடிதட்டுகளைத் துடையுங்கள். இரண்டு பக்கமும் உரசல்தான் உருளையைத் தாங்குகிறது; டர்பன் ஈரக்காற்றில் தூசியும் எண்ணெயும் படிந்த தட்டு எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. அழுத்தம் மிகுந்தால் உருளை முட்டைவடிவாகி, அச்சகத்தில் சுழலும்போது துள்ளும், வாங்கியவர் திருப்பி அனுப்புவார். அழுத்தமானியை வைத்து அளந்து, உருளையின் எடைக்கும் அதன்மேல் சுற்றியுள்ள உறையின் வகைக்கும் ஏற்ப வைக்க வேண்டும். பிடியை விடுவிக்கும் நெம்புகோலில் இரண்டாவதாக ஒரு பொத்தானையும் அழுத்தினால்தான் திறக்கும் பூட்டு இருக்கும். அதை டேப் சுற்றி நிரந்தரமாக அழுத்தி வைக்கிறவர்களின் வண்டியை நான் சோதனையில் நிறுத்திவிடுவேன்.

23 ஜூலை 2023

தம்பி கேட்கிறார்: "மேற்பார்வையாளரிடம் சொன்னால் வேலை போய்விடுமா?"

1993-ஆம் ஆண்டின் தொழில்சார் நலப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 14-ஆவது பிரிவு, ஆபத்தான நிலையைக் கண்டால் முதலாளியிடமோ பாதுகாப்புப் பிரதிநிதியிடமோ தெரிவிப்பதை உங்கள் கடமையாகவே ஆக்குகிறது. 26-ஆவது பிரிவு, அப்படிச் செய்ததற்காக உங்களைப் பழிவாங்குவதைத் தடை செய்கிறது. 20 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புப் பிரதிநிதி இருந்தே ஆக வேண்டும். சட்டம் இருப்பதால் அச்சம் போய்விடாது என்பதை நான் அறிவேன். 1996-இலும் இதே சட்டம் இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. ஆகவே வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள். அன்றாடச் சோதனைப் புத்தகத்தில், "க்ளாம்ப் பொருத்திய பின் தகடு மாற்றப்படவில்லை, 1600 கிலோவில் பின் சக்கரங்கள் மிதக்கின்றன" என்று தேதியோடு எழுதி, படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு போய்ப் பேசுங்கள். குற்றம் சாட்டும் குரலில் அன்று. "இந்த எண்ணைக் கேட்டு வாங்கித் தாருங்கள்" என்று கேளுங்கள். ஆண்டுக்கொருமுறை நடக்க வேண்டிய சுமைச் சோதனைக்கு, பதிவுபெற்ற தூக்கு இயந்திர ஆய்வாளர் வருவார். அவரிடமும் க்ளாம்ப் மாட்டிய நிலையிலேயே காட்டச் சொல்லுங்கள்.

6 ஆகஸ்ட் 2023

பைன்டவுனிலிருந்து படம் வந்திருக்கிறது. புதிய தகடு, நான்கு ரிவிட் ஆணிகளோடு. க்ளாம்போடு, சுமை மையம் 800, உயரம் 4.5 மீட்டர், அதிகபட்சம் 1450 கிலோ.

என் 1564-ஐவிட 114 கிலோ குறைவு. மாஸ்டின் உயரத்துக்காகவும் பக்கவாட்டு நிலைப்புக்காகவும் நிறுவனம் குறைத்திருக்கிறது. ஜூன் 15-ஆம் தேதி நான் சொன்னது இதைத்தான். யாரும் என் எண்ணைத் தங்கள் வண்டியில் பயன்படுத்த வேண்டாம். அந்த 450, 250, 200 எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட அளவுகள்.

1450-க்கு மேற்பட்ட உருளைகளை இனி 3.5 டன் வண்டியில் எடுக்கிறார்களாம். அதற்கு வேறு க்ளாம்ப் வாடகைக்கு வந்திருக்கிறது. தம்பி, அந்த வண்டியின் தகடும் மாறிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. நாளை போனதும் அதையும் படம் எடுத்து அனுப்புங்கள்.